நாற்பது விநாடி உத்தரவாதம்

1

இன்று காலை ஒரு பேருந்து ஓட்டுநரின் வீட்டுக்கடன் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினேன். போலந்திலிருந்து வந்து இங்கே ரோட்டர்டாமில் ஒன்பது வருடமாக பஸ் ஓட்டுகிறவர். மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டிருந்தோம், இரண்டுதான் இருந்தது. மூன்றாவதையும் தேடி எடுத்து அனுப்புங்கள் என்று ஒரு வரி எழுதிப் பொத்தானைத் தட்டிவிட்டேன். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. அதுதான் என் உத்தியோகம். ஒரு வங்கியில், வீட்டுக்கடன் கேட்டு வருகிறவர்களின் காகிதங்களைச் சரிபார்க்கிற பிரிவில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.

தட்டிய பிறகுதான் திரையின் மூலையில் தேதியைக் கவனித்தேன். சரியாக ஒரு வருடம். போன வருடம் இதே நாளில், இதே நாற்காலியில் இருந்தபோதுதான் டில்லி போன் செய்தான்.

டில்லிபாபு ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு லேத் மெஷின் வைத்து நடத்துகிறான். தினமும் வாட்ஸப்பில் குட்மார்னிங் பூ அனுப்புவானே தவிர, வேலை நேரத்தில் கூப்பிடவே மாட்டான். கூப்பிட்டால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். அப்பா இறந்ததையும் அவன்தான் சொன்னான். 

"மச்சான், அம்மா நல்லா கீறாங்க. மொதல்ல அத்த சொல்லிடறேன்" என்றான். "ஆனா அந்த ஃபைனான்ஸ்காரன் ஷட்டர சாத்திட்டான்டா. கம்ப்யூட்டரு, சேரு, ஏசி எல்லாத்தயும் கயட்டிகினு பூட்டான். ஜனம் ரோட்ல நின்னுகினு அயுவுது."

"எந்த ஃபைனான்ஸ்?" என்றேன்.



"இன்னா மச்சான் இப்டி கேக்கற? நல்ல கம்பெனி, போடுங்கனு நீதான் சொன்னியாமே. நீ சொன்னேனு சொல்லித்தான் அம்மா ஆளு சேத்துகிறாங்க. பதினோரு பேரு."

நான் எதுவும் சொல்லவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்து மேஜைப் பெண் என்ன ஆயிற்று என்று டச்சு மொழியில் கேட்டாள். "ஒண்ணுமில்லங்க, அம்மா..." என்று தமிழில் பதில் சொல்லியிருக்கிறேன். அந்த அலுவலகத்தில் நேரில் ஒருவரிடம் நான் பேசிய முதல் தமிழ் அதுதான். அவள் புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

2

அந்தக் கம்பெனியின் பெயரை எழுதவில்லை, வழக்கு நடக்கிறது. அம்பத்தூரில் ஒரு மாடி முழுக்க எடுத்து, வாசலில் வாழைமரம் கட்டித் திறந்தார்கள். லட்சம் ரூபாய் போட்டால் மாதம் ஆறாயிரம். இந்த மாதிரி எத்தனையோ பார்த்த ஊர் அது. பேராசை பெருநஷ்டம் என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

கம்பெனி ஓடியதில் எனக்கு அதிர்ச்சி இல்லை. அதற்கு ஆள் சேர்த்தது என் அம்மா என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அம்மாவின் பெயர் வசந்தா. அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, குடியிருப்பு குவார்ட்டர்ஸில். தென்காசி, சேலம், தஞ்சாவூர் என்று எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள். உறவுக்காரர்கள் பக்கத்தில் இல்லாத ஊரில், அவசரத்துக்கு ஐந்தாயிரம் வேண்டும் என்றால் யாரிடம் போய் நிற்பது? அம்மா இருபது பெண்களைச் சேர்த்து மாதச்சீட்டு நடத்தினாள். முதல் மாதச் சீட்டு, நடத்துகிறவருக்கு. அது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். மற்ற மாதங்களில் ஏலம். இருபது வருடம் அந்தச் சீட்டு நின்றதே இல்லை.

ஒருமுறை, மூன்றாம் மாதச் சீட்டை எடுத்த ஒரு பெண், கணவருக்கு வடக்கே மாற்றல் கிடைத்ததும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். மீதிப் பதினேழு மாதப் பணத்தையும் அம்மா கட்டினாள். வளையலை அடகு வைத்தது அப்பாவுக்கே தெரியாது, வெறுங்கையைப் பார்த்துத்தான் கேட்டார். "சீட்டு எடுத்தவ ஓடலாம். சீட்டு புடிக்கிறவ ஓடக்கூடாது" என்றாள் அம்மா. நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் கிறுக்கு என்று நினைத்தேன்.

இங்கே வந்த பிறகு வங்கி என்றால் என்ன என்று புத்தகம் படித்துப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறேன். பணம் வைத்திருப்பவருக்கு, யாருக்கு அது தேவை, யார் திருப்பித் தருவார் என்று தெரியாது. பணம் தேவைப்படுகிறவருக்கு, யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. நடுவில் ஒருவர் நின்று இரண்டு பேரையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் கவிழ்ந்தால் மறுபக்கத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சிரமத்துக்குத்தான் கூலி. இதைச் சொல்ல நானூறு பக்கம். அம்மா ஒரு வரியில் சொல்லி முடித்திருந்தாள்.

நான் இந்த ஊருக்கு வந்ததும் அம்மாவின் ஒரு முதல் மாதச் சீட்டுப் பணத்தில்தான். வந்து இறங்கிய முதல் மாதம் பட்ட பாடு தனிக்கதை. வங்கியில் கணக்குத் தொடங்க நகராட்சி எண் கேட்டார்கள். எண் வேண்டுமென்றால் வீட்டு முகவரி வேண்டும் என்றது நகராட்சி. வீடு வேண்டுமானால் வாடகை கட்ட இந்த ஊர் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்றார் வீட்டுக்காரர். மூன்று வாசலிலும் மாறி மாறி நின்றேன். சிரித்த முகத்தோடு துரத்துவதை அங்கேதான் முதலில் பார்த்தேன். ஆவடியில் வசந்தா மகன் என்றால் போதும், மளிகைக்கடையில் மூன்று மாதம் கடன் ஓடும். இங்கே நான் யார் மகனாக இருந்தாலும் காகிதம் வேண்டும். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மனிதனை நம்பாத ஊர் என்று டில்லிக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன்.

இப்போது அந்தக் காகிதம் கேட்கிற நாற்காலியில் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

3

அது என்ன, நான் சொன்னதாகச் சொல்கிறார்கள்? டில்லி போனை வைத்த பிறகு அம்மாவை நாலுமுறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. டிராமில் வீட்டுக்குப் போகிற வழியில் சட்டென்று ஞாபகம் வந்தது.  இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அப்பா ஓய்வுபெற்ற பணத்தில் அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு சின்ன வீடு கட்டினார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அம்மா போனை டிவி பக்கத்தில் சாய்த்து வைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டி என்னைக் கூப்பிடுவாள். ஹாலில் யார் இருந்தாலும் அவர்களும் பேச்சில் உண்டு. அப்படி ஒரு ஞாயிறுதான் டிராமில் ஞாபகம் வந்தது, அன்று ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நடுவில் ஷகிலாக்கா.

ஷகிலாக்கா கரையான்சாவடியில் இருக்கிறார். நைட்டி மொத்தமாக வாங்கித் தைத்து விற்கிறவர். அம்மாவுக்கு முப்பது வருடப் பழக்கம். அவர் கணவர் நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்தபோது ஆறு லட்சம் நஷ்டஈடு வந்தது. மகள் ரிஸ்வானா நர்சிங் படிப்பதற்காக அதை வங்கியில் போட்டு வைத்திருந்தார். அவர்கள் மார்க்கத்தில் வட்டி ஆகாது. அதனால் வருடா வருடம் வங்கிக்குப் போய், வட்டியாக ஏறியிருப்பது எவ்வளவு என்று கேட்டு, அந்தத் தொகையை மட்டும் எடுத்து, தெருவில் சாக்கடை அடைப்பு எடுக்கவோ யாருக்காவது கழிப்பறை கட்டவோ கொடுத்துவிடுவார். நன்மை கிடைக்கும் என்று நினைத்துக்கூடக் கொடுக்கக் கூடாதாம். அழுக்கைத் துடைக்கிற மாதிரி துடைத்துவிட வேண்டும். நாலு வருடம் அந்த ஆறு லட்சம் ஆறு லட்சமாகவே இருந்தது. முதல் வருடங்களின் கல்லூரிக் கட்டணத்தைத் தையல் காசில் சமாளித்தார், ஆனால் கட்டணம் ஏறிக்கொண்டே இருந்தது.

இது அந்தக் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. அவரைப் போன்றவர்களுக்கென்றே பச்சை நிறத்தில் தனி ஃபாரம் வைத்திருந்தார்கள். அதில் வட்டி என்ற சொல்லே கிடையாது. வியாபார லாபத்தில் பங்கு என்று இருக்கும்.

"தம்பி, எப்டி கீற? அங்க குளுரா?" என்று ஆரம்பித்தார் ஷகிலாக்கா.

"நல்லா இருக்கேன்க்கா. ரிஸ்வானா படிக்கிறாளா?"

"மூணாவது வருசம். அத்த வுடு, ஒண்ணு கேக்கணும். அம்மா போட்டுகிற கம்பெனில என்னையும் போடச் சொல்லுது. நீ பேங்குல கீற, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். இது வட்டி இல்லல்ல? வியாபாரம்தான?"

அந்த நேரத்தில் என் கையில் பாதி இஸ்திரி போட்ட சட்டை. மகள் இனியாவுக்கு அரைமணியில் நீச்சல் தேர்வு. இந்த நாட்டில் கால்வாய்கள் அதிகம், பிள்ளைகள் நீச்சல் தேறியே ஆக வேண்டும். அவளுடைய நீச்சல் கண்ணாடியைக் காணோம். மனைவி சுதா கீழேயிருந்து கத்திக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா, வியாபாரம்தான். பதிவு பண்ணின நல்ல கம்பெனியாத்தான் இருக்கும். போடுங்க" என்றேன். "வெச்சிடறேம்மா, நேரமாச்சு."

அந்த ஞாயிறை மனசுக்குள் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். கேள்வி, பதில் எல்லாம் சேர்த்து நாற்பது விநாடி தாண்டாது. முகம் தெரியாத ஒருவருக்கு ஒரு சம்பளச் சீட்டு குறைந்தால் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவன் நான். முப்பது வருடம் தெரிந்தவருக்கு, அவர் கையில் இருந்த மொத்தப் பணத்துக்கும், ஒரு காகிதம்கூடப் பார்க்காமல் போடுங்க என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று ஏன் சொல்லவில்லை? இதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வெளிநாட்டு வங்கியில் இருக்கிறவனுக்குத் தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. நான் இங்கே சம்பளச் சீட்டு எண்ணுகிறவன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பெரிய மேனேஜர் என்றுதான் அம்மா தெருவில் சொல்லிவைத்திருந்தாள். நானும் அதை மறுக்கவில்லை, கேட்க நன்றாகத்தான் இருந்தது.

4

அன்று மாலை கம்ப்யூட்டரைத் திறந்து அந்தக் கம்பெனியின் பதிவைத் தேடினேன். எல்லோரும் பார்க்கிற மாதிரி அரசாங்க வலைத்தளத்திலேயே இருக்கிறது. பதிவு நிஜம்தான். சான்றிதழும் நிஜம்தான், அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார்களாம். ஆனால் அது ஜவுளி வியாபாரம் செய்வதற்கான பதிவு. பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குவதற்கு வேறு அனுமதி வேண்டும், அது இல்லவே இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நிமிடம் ஆயிற்று. நாலே நிமிடம்! தலையில் அடித்துக்கொண்டேன். சுதா ஓடிவந்தாள்.

ஜவுளி என்று போட்டிருந்ததால்தான் ஷகிலாக்காவுக்கு அத்தனை நம்பிக்கை என்று பிறகு தெரிந்தது. துணி வியாபாரம் அவருக்குத் தெரிந்த தொழில்.

இன்னொன்றும் அன்றுதான் உறைத்தது. அங்கே கடன் வாங்குகிறவர் யாருமே கிடையாது. பணத்தை வாங்கி எங்கேயும் முதலீடு செய்யவில்லை. பின்னால் வந்தவர் பணத்தில் முன்னால் வந்தவருக்கு மாதா மாதம் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் அந்தக் கம்பெனியிடம் இருந்த முதல்தான் என்ன? அம்மா மாதிரியான பெண்கள்தான். சீட்டு நடத்தி ஏமாற்றாத பெண்கள் யார் யார் என்று குவார்ட்டர்ஸிலும் அயனம்பாக்கத்திலும் விசாரித்து, வீடு தேடி வந்திருக்கிறார்கள். முதலில் அம்மாவிடம் இரண்டு லட்சம் வாங்கி, ஏழு மாதம் ஒருநாள் பிசகாமல் கொடுத்திருக்கிறார்கள். பிறகு ஆள் சேர்க்கச் சொன்னார்கள். இருபது வருடம் அம்மா சேர்த்து வைத்திருந்த நல்ல பெயரை மூன்றே மாதத்தில் எடுத்துச் செலவழித்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த நல்ல பெயரும் போதாமல் போன இடத்தில் என் பெயர் உதவியிருக்கிறது.

5

அம்மா மூன்றாம் நாள்தான் போனை எடுத்தாள். வீடியோ வேண்டாம் என்றாள்.

"கமிஷன் எதுவும் வாங்கினியாம்மா?" என்று கேட்டேன். கேட்கும்போதே இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

"வாங்கினேன்டா" என்றாள். "நூத்துக்கு ஒண்ணு. பாப்பாவுக்குத் தோடு எடுத்து அனுப்பினேனே, அதுல எடுத்ததுதான். என் சொந்த சம்பாத்தியம்னு உன்கிட்ட சொன்னேன், நீகூட சந்தோசப்பட்ட."

 இனியாவின் பிறந்தநாளுக்கு வந்த தோடு. அறுபத்து மூன்று வயதில் அம்மா சம்பாதிக்கிறாள் என்று நான் அலுவலகத்தில்கூடப் பெருமையடித்திருந்தேன். சுதா அன்றே அதைக் கழற்றச் சொன்னாள்.

இனியாவுக்கு ஒன்பது வயது. டச்சு மொழியில் சண்டை போடுவாள், ஆங்கிலத்தில் விளையாடுவாள். தமிழ் மட்டும், தூங்கப்போகுமுன் நான் சொல்கிற கதைகளில் வருகிற அளவுக்குத்தான் தெரியும். ராஜா, நரி, காடு, திருடன். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நின்றவள், தோட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, பாட்டி திருடியா?"

வேறு சொல் அவளிடம் இல்லை. ஏமாந்தவள், ஏமாற்றப்பட்டு ஏமாற்றியவள், நல்லது என்று நினைத்துச் செய்தவள், இதற்கெல்லாம் நான் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன். டச்சு மொழியில் விளக்க முயன்றேன். பாதியில் அவள், "அப்ப நீ?" என்று கேட்டாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

6

ஆறு மாதம் கழித்துத்தான் ஊருக்குப் போனேன். லீவு கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் பயம். அம்மாவும் வரவேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும், திட்டுவார்கள் என்று மனசைத் தயார் செய்துகொண்டு போனேன். வாசலில் யாருமில்லை. அம்மா இளைத்து, கழுத்தில் தங்கச் சங்கிலி இருந்த இடத்தில் ஒரு கருப்புமணி மாலை போட்டுக்கொண்டிருந்தாள். நகையெல்லாம் விற்று, அந்தக் கம்பெனியில் பணம் போட்டிருந்த, வீட்டு வேலைக்கு வருகிற பெண்மணிக்குப் பாதிப் பணம் கொடுத்திருந்தாள்.

"யாரும் வந்து கேக்கலியாம்மா?"

"மொதல் வாரம் வந்தாங்க. கத்தினாங்க. அப்புறம் யாரும் வரல." அம்மாவுக்கே அது புரியவில்லை. "எல்லாரும் போலீஸ்ல புகார் குடுத்திருக்கோம்ல, அதுல வரும்னு இருக்காங்களோ என்னமோ."

பட்டியலை எடுத்துக் காட்டினாள். பதினோரு பேர், முப்பத்தெட்டு லட்சம். எங்கள் வீட்டுத் தவணை போக மிச்சம் பிடிக்கிற எங்களால் அதை ஒரேயடியாகக் கொடுக்க முடியாது. குளியலறையைப் புதுப்பிக்க வைத்திருந்த பணம், சுதாவின் சேமிப்பு எல்லாம் திரட்டிச் சரியாக ஆறு லட்சம் கொண்டுபோயிருந்தேன். யாருக்கு என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

7

கரையான்சாவடி மெயின் ரோட்டில் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் மாடி. ஷகிலாக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்துவந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"வா தம்பி. இளைச்சிட்ட. இரு, டீ போடறேன்" என்றார்.

டீ வரும்வரைகூடப் பொறுக்க முடியவில்லை. காசோலையை எடுத்து மெஷின் மேல் வைத்தேன். "ஆறு லட்சம்க்கா. உங்க பணம். நான் சொல்லித்தான போட்டீங்க."

அவர் அதைத் தொடவில்லை.

"கம்பெனிய எவ பாத்தா? உன்னப் பாத்துத்தான் போட்டேன்" என்றார். குரலில் கோபமில்லை. "சரி, மத்தவங்களுக்கு?"

"மெதுவாத்தான் கொடுக்கணும்க்கா. மொதல்ல உங்களுக்கு."

"எனக்கு இன்னாத்துக்கு மொதல்ல?"

காசோலையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

"இந்தா பார் தம்பி. அவங்க பத்து பேரும் தினம் எனக்குப் போன் போட்டுகினே கீறாங்க. உங்க அம்மா ஊட்டு வாசல்ல போய் ஒக்காரலாம், வாங்கனு சொல்றாங்க. பதினோரு பேர்ல பெரிய துட்டு என்துதான். நானே கேக்கல, நீங்க ஏன் அவசரப்படறீங்க, வசந்தாக்கா ஓடற பொம்பள இல்லனு சொல்லிகினு கீறேன். அதுல அடங்கி கீறாங்க. இன்னிக்கு நான் இத்த வாங்கினா, நாளிக்கு காலில தெரிஞ்சிடும். அப்புறம் மத்தியானத்துக்குள்ள பத்து பேரும் உங்க அம்மா ஊட்டுல நிப்பாங்க. அந்தப் பொம்பள தாங்குமா?"

 வங்கி எப்படிக் கவிழும் என்று பரீட்சையில் ஒரு கேள்வி வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து கேட்டால் எந்த வங்கியாலும் கொடுக்க முடியாது. முதலில் ஓடிவருகிறவருக்குக் கிடைக்கும், கடைசி ஆளுக்கு வெறுங்கை. அதனால் எல்லோரும் முதல் ஆளாக ஓடுவார்கள், ஓடுவதாலேயே வங்கி விழும். அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அம்மாவின் வாசல் ஆறு மாதம் ஏன் அமைதியாக இருந்தது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இவர் தன் பணத்தைக் கேட்காமல் இருந்து, அந்த ஓட்டத்தை ஒற்றை ஆளாக நிறுத்தி வைத்திருந்திருக்கிறார்.

"ரிஸ்வானா படிப்பு?" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் கீழே ஒரு வேன் நின்ற சத்தம் கேட்டது. திருமழிசைத் தொழிற்சாலை ஒன்றின் வேன். படியேறி வந்தவள் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கடைசி வருடம் படித்துக்கொண்டிருக்க வேண்டிய பெண், பேக்கிங் வேலை முடித்துவிட்டு வருகிறாள்.

"வாங்கண்ணா, எப்ப வந்தீங்க? இனியா நல்லாருக்கா?" என்றாள்.

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிளம்பும்போது படியில் அவளைத் தனியாக நிறுத்தி, கல்லூரிக் கட்டணத்தை நானே நேரடியாகக் கட்டிவிடுகிறேன், யாருக்கும் தெரியவேண்டாம் என்றேன்.

"அம்மா வேணாம்னா வேணாம்ணா" என்றாள். "தெரியாம இருக்காது."

ஷகிலாக்கா மேலேயிருந்து கூப்பிட்டார். காசோலையைக் கொண்டுவந்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார்.

"சின்ன துட்டுலேர்ந்து ஆரம்பி. மொதல்ல ஊட்டு வேல செய்றவங்களுக்குப் பாதி பாக்கி கீது, அத்தக் குடு. பத்து பேரையும் முடிச்சிட்டு வா. பதினொண்ணாவதா நான் வாங்கிக்கறேன்."

அவர் அன்று அதை வாங்கியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஒரு காசோலையில் என் கடன் முடிந்தது என்று விமானம் ஏறியிருப்பேன். அதற்காகத்தான் அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தேன் என்பது, மெயின் ரோட்டுக்கு வந்து ஆட்டோவுக்கு நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது.

இன்றோடு நாலு பேருக்குக் கொடுத்து முடித்திருக்கிறேன். ஷகிலாக்காவுக்கு முன்னால் இன்னும் ஆறு பேர். ரிஸ்வானா இன்னும் அந்த வேனில்தான் வேலைக்குப் போய்வருகிறாள்.